கோபிக்கு ஓர் உத்தரவுச் சீட்டு

போட்டாதாங், யாங்கோன்
18 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி சிவராஜுக்கு,

அக்கா புஷ்பலதா எழுதுவது. எனக்கும் அத்தானுக்கும் மாலாவுக்கும் உடம்பு பரவாயில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஈரத்தில் நிற்காதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். லைன் பாதியில் அறுந்துபோகிறது. ரோட்டில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். அதையும் விடு, போனில் உன் குரல் கேட்டால் நீயும் பேசமாட்டாய், நானும் பேசமாட்டேன். ராஜரத்தினம் சரக்கு எடுக்க மாதாமாதம் பேங்காக் போகிறார். அங்கிருந்து தபாலில் போடுவார். உன் பதிலையும் அங்கே அவர் தங்கும் கடை விலாசத்துக்கே அனுப்பு.

கோபிக்கு ஏழாம் நாள் சயாதோ பிக்குகளை அழைத்து அன்னம் கொடுத்தோம், அது அம்மாவின் பர்மா வழிக்கு. பதினாறாம் நாள் ஐயர் வந்து கருமாதி செய்தார், அது அப்பா வழிக்கு. படத்துக்கு முன்னால் மொஹிங்கா நூடுல்ஸும் வைத்தேன், வடையும் வைத்தேன். ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. நான் இன்னும் அழவில்லை. அரிசி களைகிறேன், கரண்டு வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் ஏற்றுகிறேன், தூங்குகிறேன். கடைசித் தம்பி போய்விட்டான் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். யார் வீட்டுச் செய்தியோ போல் இருக்கிறது.

ஒரு வேலை பாக்கி நிற்கிறது. அப்பா மாவ்பி ஆஸ்பத்திரியில் இறந்தபோது அம்மா பெரிய டாக்டரிடம் சீட்டு வாங்கினாளே, நினைவிருக்கிறதா? 'ரயில்வே கருப்பையா இன்றோடு இந்த ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிக்கப்பட்டார், வீட்டுக்குப் போகலாம்' என்று எழுதி, சீல் அடித்து. அதை அப்பாவின் காதருகே படித்தாள். வழியில் பாலத்துக்குப் பாலம், "பாலம் வருது, கூட வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். வெளியூரில் இறந்தவரை அந்த இடத்துக் காவல் தெய்வம் உத்தரவு இல்லாமல் விடாது என்பது அம்மா வீட்டு வழக்கம். நீ வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கோபி அம்மாவோடு சேர்ந்து கூப்பிட்டான்.

இப்போது அவன் அந்தப் பனிமலைக்குள் கிடக்கிறான். உடம்பு கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள், சரி. அந்த மலைக்குப் பெரிய அதிகாரி யாரோ, அவரிடம் ஒரு சீட்டு வாங்கி அனுப்பு. கையெழுத்தும் சீலும் வேண்டும். நம் வீட்டு வாசலில் நின்று நான் படிக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
புஷ்பலதா


ரெய்னியர் மலையடி, வாஷிங்டன்
20 செப்டம்பர் 2024

அக்காவுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. முழங்கால் படி ஏறும்போது மட்டும் சத்தம் போடுகிறது. அத்தானுக்குப் பிரஷர் மாத்திரை தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கிறதா?

கோபி வேலை பார்த்த மேல் விடுதியை விரைவில் பூட்டிவிடுவார்கள். அவனோடு சமையல்கட்டில் இருந்தவர்கள் எல்லோரும் நகரத்துக்கு இறங்குகிறார்கள். கீழ் விடுதி வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். அங்கே சலவைக்கு ஆள் கேட்டார்கள், நான் இருக்கிறேன் என்றேன். படுக்கை விரிப்பு துவைப்பது, உலர்த்துவது, மடிப்பது. என் அறைக்குப் பின்னால் நிஸ்குவாலி ஆறு ஓடுகிறது.

மலையைப் பற்றிச் சொல்கிறேன். இது எரிமலை. ஐந்து லட்சம் வருஷமாகக் குழம்பு வழிந்து, ஆறி, அடுக்கடுக்காக ஏறியது. உள்ளே இன்னும் சூடு இருக்கிறது. உச்சிக் குழியில் ஆவி வந்து, ஐஸுக்கு அடியில் குகை குடைந்து வைத்திருக்கிறது. வெளியே இரண்டு டஜனுக்கு மேல் பனியாறுகள். பனி விழுந்து விழுந்து அடியில் இருப்பது இறுகி ஐஸாகி, தன் கனம் தாங்காமல் கீழே நகர ஆரம்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. நாளுக்கு ஒரு சாண், செங்குத்தான இடத்தில் ஒரு முழம். அடியில் பாறை மேடாக இருந்தால் மேலே ஐஸ் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவின் மேல் புதுப் பனி மூடிப் பாலம் போல் நிற்கும். பார்த்தால் தரைதான்.

கோபி கயிற்றை அவிழ்த்துவிட்டு, படம் எடுக்க நாலடி தள்ளிப் போனதும் அப்படி ஒரு தரைக்குத்தான். இதைப் போனில் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் எழுதிவிட்டேன்.

பனியாறு கல்லை அரைத்து மாவாக்குகிறது. அதனால் இந்த ஆறு அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. இங்கே மேகம் விலகிய நாளில், 'இன்று மலை வெளியே வந்திருக்கிறது' என்பார்கள். ஏதோ ஆள் வந்துபோவது மாதிரி.

மாலாவுக்கு என் அன்பு.

தம்பி
சிவராஜ்


போட்டாதாங்
24 அக்டோபர் 2024

தம்பிக்கு,

இங்கே மழை நின்றுவிட்டது. அத்தானுக்கு மாத்திரை கிடைக்கிறது, விலையைக் கேட்காதே. உனக்கு இருமல் வரும் மாதம் இது. கழுத்தை மூடிக்கொள்.

நான் கேட்டது சீட்டு. நீ அனுப்பியது பூகோளப் பாடம். மாலாவிடம் படித்துக் காட்டினேன், "மாமா நல்லா எழுதுறாங்க, ஆனா கேட்டதுக்குப் பதில் காணோமே?" என்றாள். அவளுக்குப் பாதித் தமிழ்தான் புரியும், அதற்கே தெரிந்துவிட்டது.

ஒரு கனவு அடிக்கடி வருகிறது. எதிர்ச் சாரியில் கோபி நிற்கிறான், கைலி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோட்டைத் தாண்டி வரமாட்டேன் என்கிறான். "வாடா" என்று கூப்பிட்டேன். "கேட்டுட்டு வரேன்க்கா" என்கிறான். யாரைக் கேட்க வேண்டும் என்று நான் கேட்பதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. இராத்திரி யார் வீட்டில் யார் தங்கினாலும் வட்டார ஆபீசில் சொல்லியே பழகிப்போன ஊரில் வளர்ந்தவன். பேப்பர் இல்லாமல் எப்படி வருவான்?

தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கப்போவதில்லை. கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வருவேன். அந்த அதிகாரியிடம் எப்போது போகிறாய், அதை மட்டும் எழுது.

அக்கா


ரெய்னியர் மலையடி
2 டிசம்பர் 2024

அக்காவுக்கு வணக்கம்.

இருமல் இல்லை. இங்கே பனி இடுப்பளவு. சலவை அறை சூடாக இருப்பதால் எனக்குக் குளிர் தெரிவதில்லை. வெளியே நின்றாலும் தெரியவில்லை. ஜூலையிலிருந்தே அப்படித்தான். நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

விடுதி நூலகத்தில் இந்த மலையில் ஏறியவர்களின் கதை இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறேன். 1870இல் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஏற வந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்ட வந்தவர் ஸ்லூஸ்கின் என்கிற பழங்குடி மனிதர். ஓர் இடத்துக்கு மேல் அவர் வரவில்லை. உச்சியில் நெருப்பு ஏரி இருக்கிறது, அதில் ஒரு கொடிய ஆவி குடியிருக்கிறது, போனால் திரும்பமாட்டீர்கள் என்று கெஞ்சினார். அவர்கள் கேட்கவில்லை. மூன்று நாள் காத்திருப்பேன், அப்புறம் நீங்கள் இறந்த செய்தியை உங்கள் ஆட்களிடம் போய்ச் சொல்வேன், நான் சொல்வதை அவர்கள் நம்பும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாராம்.

அவர்கள் உச்சிக்குப் போய், இருட்டிவிட்டதால் அந்த நீராவிக் குகையில் படுத்தார்கள். ஒரு பக்கம் வெந்தது, ஒரு பக்கம் உறைந்தது. மறுநாள் இறங்கி வந்தபோது அவர்கள் மனிதர்கள்தான் என்று நம்பவே அவருக்கு நேரம் பிடித்ததாம்.

இன்னொன்று. 1946இல் முப்பத்திரண்டு ராணுவ வீரர்களோடு ஒரு விமானம் இங்கே பனியாற்றில் விழுந்தது. அடுத்த வருஷம் உடல்களைக் கண்டுபிடித்தார்கள். எடுக்கப் போனால் இன்னும் சில பேர் சாவார்கள் என்பதால், பெற்றவர்கள் சம்மதத்தோடு அங்கேயே விட்டுவிட்டார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

அதிகாரிகளுக்குக் குளிர்காலத்தில் வேலை மிகுதி.

சிவராஜ்


போட்டாதாங்
9 ஜனவரி 2025

தம்பிக்கு,

நலம். அதிகாரிக்கு வேலை மிகுதி, எனக்கு இங்கே வேலையே இல்லை பார்.

சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் இந்தக் கட்டடத்தை விற்கிறார். மே மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அத்தானுக்கு ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருப்பதால், பாலத்துக்கு அந்தப் பக்கமே வீடு பார்த்துவிட்டோம். உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று எழுதவில்லை.

கோபிக்குத் தெரிந்தது இந்த வீடு ஒன்றுதான். நாங்கள் போன பிறகு அவன் வந்து கதவைத் தட்டினால், யாரோ சீனாக்காரர் திறப்பார். அதற்கு முன்னால் இங்கே அவனை வரவழைத்து, கையோடு கூட்டிப்போக வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இது நடக்காவிட்டால் நான் இப்படியேதான் இருப்பேன், மரக்கட்டையாக. எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த ஸ்லூஸ்கின் புத்திசாலி. சீட்டின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கிறது. உனக்குத் தெரியவில்லை.

அக்கா


போட்டாதாங்
20 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ராஜரத்தினம் வெறுங்கையோடு வந்து, "தபால் லேட்டாகுதும்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அக்கா


ரெய்னியர் மலையடி
15 மார்ச் 2025

அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் இரண்டு கடிதமும் என் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான் யாரையும் கேட்கவில்லை. அதிகாரியின் அறை நான் சாப்பிடும் இடத்துக்கு எதிரேதான். ஒரு பெண் அதிகாரி, கோபியைத் தேடப் போனவர்களில் அவரும் ஒருவர். தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறார். கேட்டால் சிரிப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். அப்பாவைக் கொண்டுவந்த வேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேனே, அதே வெட்கம்தான். அப்புறம் அதுவும் போய்விட்டது. வேறு காரணம் இருக்கிறது.

அக்கா, நான் ஊருக்குத் திரும்பி வர முடியாதவன். அகதி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு யாங்கோன் கிடையாது. இந்தத் தேசத்தில் எனக்கென்று இருந்தவன் கோபி ஒருத்தன். காலையில் எழுந்ததும் மலையைப் பார்க்கிறேன். மேகம் இருந்தால் ஆற்றைப் பார்க்கிறேன், அவன் இருக்கும் ஐஸ் உருகி வரும் தண்ணீர்தானே. நீங்கள் சீட்டைப் படித்தால் அவன் உங்களிடம் வந்துவிடுவான். எனக்கு வெறும் மலை மிஞ்சும். அதனால் கேட்கவில்லை.

இங்கே ஸ்டீவன்ஸ் என்று ஒரு பனியாறு இருந்தது, 1870இல் ஏறிய ஒருவருடைய பெயர். சூட்டில் மெலிந்து மெலிந்து நகர்வதை நிறுத்திவிட்டது. நகராவிட்டால் அது பனியாறு இல்லையாம், வெறும் ஐஸ்தானாம். கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். நானும் நகராமல்தான் இருக்கிறேன்.

என்மேல் கோபப்படுங்கள்.

சிவராஜ்


ரெய்னியர் மலையடி
30 மார்ச் 2025

அக்கா,

நிலநடுக்கம் என்று செய்தியில் பார்த்தேன். மாண்டலே, சகாயிங் படங்களைப் பார்த்தேன். போன் போகவில்லை. அத்தான், மாலா, நீங்கள், எல்லோரும் இருக்கிறீர்களா? எரிமலைக்கு அடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பூமி அங்கே ஆடுகிறது. ஒரு வரி போதும்.

சிவராஜ்


போட்டாதாங்
21 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் சேர்ந்தாற்போல் இன்றுதான் கிடைத்தன. எல்லோரும் இருக்கிறோம். யாங்கோனில் விளக்கு ஆடியது, மாலா மேசைக்கு அடியில் போனாள், அவ்வளவுதான். மாண்டலேயில் நமக்குத் தெரிந்த மூன்று வீட்டில் ஆட்கள் போய்விட்டார்கள். தண்ணீர்த் திருவிழாவுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். உன் கடிதத்தை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வெங்காயம் முழுவதும் நறுக்கி முடித்தேன். அப்புறம் மறுபடி படித்தேன். ஒரு தம்பி ஐஸுக்குள் இருக்கிறான், இன்னொருத்தன் ஐஸுக்குக் காவல் இருக்கிறான். எட்டு மாதமாக நான் இரண்டு பேரில் ஒருத்தனைத்தான் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு அப்பாவை அந்த ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வர மனம் இருந்ததா? ஆனாலும் படித்தாள். படித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதாள். நீ பார்த்திருக்கிறாய்.

வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாயிற்று. கோபியின் தட்டை இன்னும் கட்டவில்லை. இனி நான் கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. நீயாகச் செய்தால் செய்.

கழுத்தை மூடிக்கொள்.

அக்கா


ரெய்னியர் மலையடி
6 மே 2025

அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள் என்று படித்த பிறகு உட்கார்ந்து சாப்பிட்டேன். போய்க் கேட்டேன்.

அந்த அதிகாரி சிரிக்கவில்லை. மாவ்பியில் நடந்ததைச் சொன்னேன், என் இங்கிலீஷில் எவ்வளவு வருமோ அவ்வளவு. மலையின் சார்பில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். இங்கே பனியாற்றில் ஏறுகிறவர்கள் எல்லோரும் போகும்முன் பதிய வேண்டும், இறங்கி வந்ததும் இறங்கிவிட்டேன் என்று பதிய வேண்டும். இறங்காதவர் பெயர் திறந்தபடியே இருக்கும். "உங்கள் தம்பியின் பெயரை நாங்கள் மூடவில்லை. எங்களில் யாருக்கும் கை வரவில்லை" என்றார்.

கோபியின் கையெழுத்துக்கு எதிரே நான் எழுதினேன். இறங்கியாயிற்று. தேதி. என் பெயர். அவரும் கையெழுத்துப் போட்டார்.

சீட்டைத் தமிழில் நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. சீலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சுற்றுலாக்காரர்கள் நினைவுக்காக அடித்துக்கொள்ளும் ரப்பர் முத்திரை அது. மலைப் பெயரும் தேதியும் இருக்கின்றன. தேதியை அவரே திருப்பி வைத்து அழுத்தி அடித்தார்.

வெளியே வந்தேன். மலை தெரிந்தது. அங்கே ஒருத்தரும் இல்லாத மாதிரி இருந்தது. குளிர்ந்தது அக்கா. கழுத்தை மூடிக்கொண்டேன்.

சிவராஜ்

*

ரெய்னியர் மலையில் சென்ற ஜூலை முதல் தங்கியிருக்கும் போட்டாதாங் கருப்பையா மகன் கோபிகிருஷ்ணன் அறிவது:

உன் ஏற்றம் முடிந்தது. நீ இறங்கிவிட்டாய் என்று பதிவாகிவிட்டது. பனியாறும், பாறையும், உள்ளே இருக்கும் நெருப்பும், இங்கே காவல் இருக்கும் யாராக இருந்தாலும், இனி உன்னை நிறுத்தமாட்டார்கள். உன் அண்ணனும் நிறுத்தமாட்டான். வீட்டுக்குப் போ. அங்கிருந்து அக்கா கூப்பிடும் இடத்துக்குப் போ.


தன்லியின்
2 ஜூன் 2025

அன்புத் தம்பி சிவராஜுக்கு,

புது விலாசம் மேலே இருக்கிறது. அத்தானுக்கு வேலை பக்கத்திலேயே. மாலா பஸ்ஸைத் திட்டிக்கொண்டு ஊருக்குள் போய்வருகிறாள். எனக்குக் கண் வீங்கியிருக்கிறது, காரணம் கீழே.

உன் கடிதம் நாங்கள் காலி செய்வதற்கு முந்தின நாள் வந்தது. மறுநாள் காலை, சாமான் எல்லாம் லாரியில் அத்தானோடு போன பிறகு, காலி வீட்டு வாசலில் நானும் மாலாவும் நின்றோம். சீட்டைச் சத்தமாகப் படித்தேன். கோபிக்குத் தமிழ் எழுத்து நடை அவ்வளவு ஏறாது, அதனால் பர்மீயத்திலும் ஒருமுறை சொன்னேன். சீலை எதிர்ச் சாரிப் பக்கம் தூக்கிக் காட்டினேன். ரப்பரோ எதுவோ, நல்ல சீல்.

அப்புறம் அவன் தட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பாலம் வந்தபோது எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது, உன்னைக் குறை சொன்னவள் நான். பஸ் நிறையக் கூட்டம். இருந்தாலும் கூப்பிட்டேன். "கோபி, பாலம் வருதுடா. கூட வா." எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்தில் இருந்த பர்மாக்கார அம்மா மட்டும் இருக்கையில் வைத்திருந்த கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவனுக்கென்று விட்ட அந்த இடத்தைப் பார்த்ததும் அழுதேன். பாலம் முடியும் வரை, இறங்கும் வரை, இங்கே வந்து அடுப்பு மூட்டும் வரை அழுதேன். மாலா பயந்துவிட்டாள். பயப்படாதே என்றேன்.

அந்தக் கனவு அப்புறம் வரவில்லை. இன்னொரு வேலை பாக்கி இருந்தது, அதையும் முடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மூன்று பேருடையது. சீலுக்கு அத்தான் தொழிற்சாலை முத்திரையைக் கேட்டேன், வேலை போய்விடும் என்றார். அதனால் என் கட்டைவிரல் ரேகை.

*

ரெய்னியர் மலையடியில் சென்ற ஜூலை முதல் காவல் இருக்கும் போட்டாதாங் கருப்பையா மகன் சிவராஜ் அறிவது:

உன் காவல் முடிந்தது. அந்த மலையில் இப்போது உன் ஆள் யாரும் இல்லை, அவன் என்னோடு இருக்கிறான். நீ நகரத்துக்கு இறங்கிப் போகலாம். நம் ஆட்கள் இருக்கும் தெருவில் வீடு பார்க்கலாம். வழியில் பாலம் வந்தால் உன்னை நீயே கூப்பிட்டுக்கொள்.

இதை உன் காதருகே படிக்க அங்கே யாரும் இல்லை. நீயே சத்தமாகப் படி.

அக்கா
புஷ்பலதா